அம்மாவின் மேல் கடைவாய்ப்பல்: எடுப்பதா, காப்பாற்றுவதா?

நீங்கள் கேட்டிருப்பது இது. அம்மாவுக்கு 61 வயது, 11 ஆண்டுகளாகச் சர்க்கரை. மேல் இடது கடைவாய்ப்பல்லில் பெரிய சொத்தை. பத்து நாள் தூங்கவிடாமல் வலித்துவிட்டு இப்போது வலி தானாகவே நின்றுவிட்டது. ஒரு மருத்துவர் எடுத்துவிடலாம் என்கிறார்; இன்னொருவர் வேர் சிகிச்சை செய்து கேப் போடலாம் என்கிறார். நடுவில் உங்கள் அத்தை, மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்று அம்மாவைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார். வலிதான் இல்லையே, அப்படியே விட்டுவிடலாமா என்று முடித்திருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரே பல்லைப் பார்த்து இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் யாரை நம்புவது, ஒரு பல்லை எடுத்தே ஆக வேண்டும் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதுதான் அது. அதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

தஞ்சை மாவட்டத்தின் ஒரு சிற்றூரில் 23 ஆண்டுகளாகப் பல் மருத்துவம் பார்த்து வருகிறேன். உங்கள் அம்மாவின் வாயை நான் பார்க்கவில்லை, எக்ஸ்ரேயும் என் முன்னால் இல்லை. ஆகவே அந்தப் பல்லை எடுங்கள் என்றோ எடுக்காதீர்கள் என்றோ என்னால் சொல்ல முடியாது. பார்க்காமல் அப்படிச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்ப வேண்டாம். எங்களைப் போன்றவர்கள் எதையெல்லாம் பார்க்கிறோம், எங்கே உறுதியாக இருக்கிறோம், எங்கே தடுமாறுகிறோம் என்பதை மட்டும் சொல்கிறேன். அதை வைத்துக்கொண்டு அந்த இரண்டு மருத்துவர்களிடமும் நீங்களே கேள்வி கேட்கலாம்.

முதலில் வலி நின்றுபோனதைப் பற்றி. பல்லின் வெளியே எனாமல், அதற்குள் டென்டைன், நடுவில் ரத்தக் குழாயும் நரம்பும் சேர்ந்த கூழ். சொத்தை உள்ளே அரித்துக்கொண்டே போய்க் கூழைத் தொடும்போது அது வீங்குகிறது. கை, கால் வீங்கினால் தோல் இழுபட்டு இடம் கொடுக்கும். பல்லுக்குள் அந்த வசதி இல்லை. சுற்றிலும் கல் போன்ற சுவர். அழுத்தம் முழுவதும் நரம்பின் மேல் விழுகிறது. படுத்தால் தலைக்கு ரத்தம் கூடுவதால் ராத்திரியில் விண்விண்ணென்று தெறிக்கிறது. சில நாளிலோ சில வாரத்திலோ கூழ் செத்துப்போகிறது. உணர்வதற்கு நரம்பு இல்லாததால் வலியும் நின்றுவிடுகிறது. கிராம்புத் தைலம் கேட்டுவிட்டது, மருந்துக்கடை மாத்திரை வேலை செய்துவிட்டது என்று அப்போதுதான் எல்லோரும் நிம்மதி அடைகிறார்கள். உள்ளே செத்த கூழில் கிருமி பெருகி, வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தால் அது அந்த வேலைதான். ஆகவே உங்கள் கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் இங்கிருந்தே உறுதியாகப் பதில் சொல்ல முடியும்: அப்படியே விட்டுவிடக் கூடாது. பத்து நாள் தூங்கவிடாமல் வலித்து, ஒன்றும் செய்யாமலே அடங்கிய பல்லுக்கு இரண்டே வழிகள்தான் உண்டு. உள்ளே சுத்தம் செய்து மூட வேண்டும், அல்லது பல்லை எடுக்க வேண்டும்.

விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது, சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு கொத்தனாரைப் பற்றி. கீழ்க் கடைவாய்ப்பல் வலிக்கு ஆறு நாள் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். ஏழாம் நாள் வரும்போது தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் பலகை போல இறுகியிருந்தது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு, எச்சிலை விழுங்க முடியாமல் துண்டால் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். குரல் மாறியிருந்தது. நான் பல்லைத் தொடவே இல்லை. 108 ஆம்புலன்ஸை வரவழைத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினேன். மூச்சுக் குழாய் அடைபடுவதற்குள் அங்கே போய்ச் சேர்ந்தார், பிழைத்தார். 1836இல் வில்ஹெல்ம் ஃபிரெட்ரிக் ஃபான் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்த நோய் இது. இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. ஆன்டிபயாட்டிக் மாத்திரை வீக்கத்தைக் கொஞ்சம் அடக்கும். கிருமி குடியிருக்கும் இடம் பல்லுக்குள் இருக்கிறது. அங்கே ரத்த ஓட்டமே இல்லாதபோது மாத்திரை எப்படிப் போய்ச் சேரும்? தாடைக்குக் கீழ் வீக்கம், வாயைத் திறக்க முடியாமை, விழுங்கச் சிரமம், கண்ணைச் சுற்றி வீக்கம், காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

இனி, காப்பாற்ற முடிகிற பல், முடியாத பல். சொத்தை எவ்வளவு பெரிது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நாங்கள் பார்ப்பது, சொத்தையையெல்லாம் சுரண்டி எடுத்த பிறகு மிச்சம் எவ்வளவு என்று. உலக்கை நுனியில் இரும்புப் பூண் மாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பூண் பிடித்து நிற்க, அதற்குள் சுற்றிலும் நல்ல மரம் வேண்டும். மரம் உளுத்திருந்தால் எவ்வளவு நல்ல இரும்பில் பூண் செய்தாலும் நாலு குத்தில் கழன்றுவிடும். பல்லுக்குப் போடும் கேப்பும் அப்படியே. ஈறுக்கு மேலே சுற்றிலும் ஏறத்தாழ 1.5 முதல் 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது நல்ல பல் இருந்தால்தான் கேப் உறுதியாக நிற்கும். கேட்பதற்குச் சிறிய அளவுதான், நாலைந்து விசிட்டிங் கார்டை அடுக்கி வைத்த தடிமன். பல பற்களின் விதி அந்த உயரத்தில்தான் முடிவாகிறது. சொத்தை ஈறுக்குக் கீழே எலும்பு மட்டம் வரை போயிருந்தால், வேர் சிகிச்சையை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் அதன் மேல் எதையும் கட்ட முடியாது. சில பற்களுக்கு ஈறையும் எலும்பையும் கொஞ்சம் குறைத்து உயரத்தை வெளியே கொண்டுவரலாம். ஆனால் கடைவாயில் மூன்று வேர்கள் பிரிகிற இடம் வரை சொத்தை இறங்கிவிட்டால் அதற்கும் வழி குறைவு.

பல்லை எடுத்தே ஆக வேண்டிய இன்னொரு நிலை, வேர் நெடுக விரிசல் விட்டிருப்பது. இதில் பெரும்பாலும் எனக்குச் சந்தேகமே இருப்பதில்லை. வேர் சிகிச்சை செய்துவிட்டு, வலி போய்விட்டது என்று கேப் போடாமல் விட்டவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். நடுவே குடைந்த பல் கிண்ணம் போல ஆகிவிடுகிறது. ஒரு நாள் முறுக்கையோ கொட்டைப்பாக்கையோ கடிக்கும்போது இரண்டாகப் பிளக்கிறது. பாக்குக் கடிக்கும் பழக்கமுள்ள ஒரு பெரியவர் கண்ணாடியைக் கையில் வாங்கி, தன் பல்லின் இரண்டு பாதிகளும் நாக்குப் பட்டால் தனித்தனியே அசைவதைப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எல்லா விரிசலும் இப்படிக் கண்ணில் படுவதில்லை, எக்ஸ்ரேயிலும் பல சமயம் தெரிவதில்லை. ஈறைச் சுற்றி மெல்லிய அளவுகோலை விட்டுப் பார்க்கும்போது எல்லா இடத்திலும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இறங்கும் கருவி, ஓரிடத்தில் மட்டும் எட்டு, பத்து மில்லிமீட்டர் விழுந்தால் அங்கே விரிசல் இருக்கக்கூடும் என்று சந்தேகிப்போம். அந்தச் சந்தேகம் உறுதியாகச் சில வேளை பல்லைத் திறந்துதான் பார்க்க வேண்டும். வேர் சிகிச்சை செய்யத் தொடங்கிய மருத்துவர் பாதியில் நிறுத்தி, இதை எடுக்கத்தான் வேண்டும் என்று சொன்னால் அவர் ஏமாற்றுகிறார் என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள்.

மூன்றாவது காரணம் ஈறு. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பல்லில் சொத்தையே இல்லாமல், அதைத் தாங்கும் எலும்பு கரைந்துபோய்ப் பல் ஆடலாம். இரண்டு கருவிகளின் காம்புகளுக்கு இடையே பல்லைப் பிடித்து அசைத்துப் பார்ப்போம். முன்னும் பின்னும் கொஞ்சம் அசைந்தால் பயமில்லை. அழுத்தினால் கீழே இறங்கி மேலே வருகிறது, பியானோக் கட்டை போல என்றால், அந்தப் பல்லைப் பிடித்துவைக்க எலும்பு மிச்சமில்லை, எடுத்துவிடுவதுதான் நல்லது. இரண்டுக்கும் நடுவே இருப்பவற்றில்தான் தடுமாற்றம். 50 வயது கடந்த ஓர் அம்மா, கீழ் முன்பற்கள் நான்கும் ஆடுகின்றன, எல்லாவற்றையும் எடுத்து செட் வைத்துவிடுங்கள் என்று பிடிவாதமாக வந்தார். சர்க்கரை கட்டுக்குள் இல்லை, ஈறுக்குக் கீழே காரை படிந்திருந்தது. முதலில் காரையை எடுப்போம், சர்க்கரை மருத்துவரைப் பாருங்கள், மூன்று மாதம் பொறுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். மூன்று மாதத்தில் இரண்டு பற்கள் நன்றாக இறுகின, மூன்றாவது ஓரளவு, நான்காவதை எடுத்தோம். முன்கூட்டி என்னைக் கேட்டிருந்தால் எந்த இரண்டு நிற்கும் என்று சொல்லியிருக்க முடியாது. சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. ஏற்கெனவே எலும்பு கரைந்த பல்லைக் காரைதான் அண்டைக் கல் போல முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது. ஆட்டத்தை உண்டாக்கியது அந்தக் காரைதான்.

இரண்டு மருத்துவர்கள் ஏன் வேறு வேறாகச் சொல்கிறார்கள் என்பதற்கு இதற்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது. எல்லையில் நிற்கிற பல்லை ஒருவர் காப்பாற்றிப் பார்க்கலாம் என்பார், இன்னொருவர் வீண் செலவு என்பார். இருவரும் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். வேர் சிகிச்சை செய்த பற்களில் 100க்கு 85க்கு மேல் பல ஆண்டுகள் நிற்கின்றன என்றுதான் பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அது எல்லாப் பற்களையும் சேர்த்துப் பார்த்த கணக்கு. மிச்சம் குறைவான, எலும்பு கரைந்த, விரிசல் சந்தேகமுள்ள பல்லுக்கு அந்த எண்ணைச் சொல்லி நம்பிக்கை கொடுப்பது சரியில்லை. மற்றப் பாதியையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒரு பல்லை எடுக்கச் சில நிமிடங்கள் போதும். மேல் கடைவாய்ப்பல்லில் மூன்று, பல சமயம் நான்கு வேர்க் குழாய்களைத் தேடிப் பிடித்துச் சுத்தம் செய்ய மணிக்கணக்காகும், அதற்கான கருவியும் பயிற்சியும் வேண்டும். அது இல்லாதவர் எடுத்துவிடலாம் என்பார். கேப்பில் வருமானம் இருப்பதால் நிற்காத பல்லுக்கும் கேப் போடச் சொல்பவரும் உண்டு. இரண்டையும் என் தொழிலில் பார்த்திருக்கிறேன், இரண்டுமே எனக்கு வருத்தம் தருகிறவை.

சொத்தையும் ஈறும் தவிர வேறு காரணங்களும் உண்டு. அம்மாவுக்குப் பொருந்தாதவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஞானப்பல் படுத்தபடி முளைத்து ஈறு திரும்பத் திரும்ப வீங்கினாலோ, முன்னால் இருக்கும் நல்ல பல்லை அரித்தாலோ எடுக்கிறோம். தொந்தரவே தராமல் எலும்புக்குள் கிடக்கும் ஞானப்பல்லை, இருக்கிறது என்பதற்காக மட்டுமே எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே வழிகாட்டுதல் தந்தது. எல்லா நாட்டு மருத்துவர்களும் இதில் ஒத்துப்போகவில்லை. நான் அந்த வழிகாட்டுதலின் பக்கம். தெற்றுப்பல்லுக்குக் கம்பி கட்டும்போது இடம் உண்டாக்கச் சில வேளை நல்ல பற்களையே எடுக்க வேண்டி வரும். குழந்தைகள் விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஆறு வயதில், பால் பல் எதுவும் விழாமலேயே, கடைசியில் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். விழுந்து முளைக்கிற பல்தானே என்று விட்டுவிடுகிறார்கள். அது விழாது, திரும்ப முளைக்காது. ஏழு, எட்டு வயதிலேயே அது உடைந்து கிடக்கும் நிலையில் குழந்தையை அழைத்து வந்து, பால் பல்லை எடுத்துவிடுங்கள் என்று கேட்கும் தாய்மாரிடம் உண்மையைச் சொல்வதுதான் என் வேலையிலேயே எனக்குக் கடினமான நேரம்.

எடுக்கக் கூடாத, அல்லது அவசரப்படக் கூடாத சமயங்களும் உண்டு. புகையிலை, பாக்கு போடுகிற ஒருவருக்குப் பக்கத்துப் பற்கள் எல்லாம் உறுதியாக இருக்க, ஓரிடத்தில் மட்டும் பல் திடீரென்று ஆடினால், ஈறில் புண்ணோ தடிப்போ இருந்தால், முதலில் எக்ஸ்ரேயும் சதைப் பரிசோதனையும் வேண்டும். ஈறுப் புற்றுநோய் அப்படித்தான் பல்லைத் தளர்த்துகிறது. ஆடுகிறதே என்று பல்லை எடுத்துவிட்டால் அந்தக் குழி ஆறாது, நோயைக் கண்டுபிடிக்கும் நாளும் தள்ளிப்போகும். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத எந்த வாய்ப்புண்ணையும் காட்டியே தீர வேண்டும். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கப் போகிறார்கள் என்றால் கதை தலைகீழ்: தேறாத பற்களைக் கதிர்வீச்சு தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே எடுத்துவிட வேண்டும். கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துபோவதால், பிறகு எடுத்தால் எலும்பே அழுகிப்போகும் ஆபத்து உண்டு. அந்த ஆபத்து ஆண்டுகள் கடந்தும் தீர்வதில்லை. அம்மாவின் வயதுப் பெண்களுக்கு இதோடு சேர்த்து ஒன்று. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ ஆண்டுக்கு ஒரு ஊசியோ எடுத்துக்கொள்கிறாரா என்று பாருங்கள். அலெண்ட்ரோனேட், ஜோலெட்ரானிக் அமிலம் போன்ற மருந்துகள் அவை. தேய்மானத்துக்குக் கொடுக்கும் அளவில் ஆபத்து குறைவுதான், புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவில் கூடுதல். ஆனாலும் பல் எடுப்பவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சொத்தைப் பல் உடம்பையே கெடுத்துவிடும், எடுத்துவிட்டால் சர்க்கரையே குறையும் என்று சொல்பவர்களும் உங்களைச் சுற்றி இருக்கக்கூடும். இந்த எண்ணத்துக்குப் பழைய, வருத்தமான வரலாறு உண்டு. 1910இல் வில்லியம் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் கனடாவின் மான்ட்ரியல் நகரில் வாய்க் கிருமிகளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அதன் பின் பல ஆண்டுகள், மூட்டுவலி முதல் மனநோய் வரை எல்லாவற்றுக்கும் பல்லே காரணம் என்று நம்பி ஏராளமான பற்களை எடுத்தார்கள். அமெரிக்காவின் டிரென்டன் அரசு மருத்துவமனையில் ஹென்றி காட்டன் என்ற மருத்துவர் மனநோயாளிகளின் பற்களை வரிசையாகப் பிடுங்கினார்; யாருக்கும் அதனால் மனநோய் தீரவில்லை. இன்று நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது அளவானது. ஈறு நோய்க்கு முறையான சிகிச்சை செய்தால் மூன்று, நான்கு மாதத்தில் எச்பிஏ1சி அளவு (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைகிறது. சிறியதுதான், ஆனாலும் உண்மையான பயன். ஈறு நோயும் இதய நோயும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுகின்றன என்பதும் தெரியும். ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. உடம்புக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டு நல்ல பல்லை எடுக்கவே கூடாது.

அத்தையின் பயத்துக்கு வருகிறேன். அதைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றவில்லை எனக்கு; வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள், அந்தப் பயத்தால் பல மாதம் சீழோடு இருக்கிறார்கள். மூளையிலிருந்து வரும் 12 இணை நரம்புகளில் பார்வை நரம்பு இரண்டாவது. பற்களுக்கு வருவது ஐந்தாவது, முற்றிலும் வேறு நரம்பு. பல்லை எடுக்கும்போது அறுபடுவது வேர் நுனிக்குள் நுழையும் நூலிழை போன்ற கிளை. அதற்கும் பார்வைக்கும் தொடர்பு இல்லை. பயம் எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்திருக்கிறேன். ஐந்தாவது நரம்பு மூன்றாகப் பிரிகிறது: முதல் கிளை கண்ணுக்கும் நெற்றிக்கும், இரண்டாவது மேல் பற்களுக்கும் கன்னத்துக்கும், மூன்றாவது கீழ்த் தாடைக்கும். ஒரே அடிமரத்தின் கிளைகள் என்பதால் மேல் பல் வலித்தால் கண்ணுக்குப் பின்னால் இழுப்பது போல இருக்கும். அது உணர்வு, பார்வை அல்ல. மரத்துப் போகும் ஊசி போடும்போது மிக அரிதாக, மருந்து கண் தசைகள் வரை பரவிச் சில மணி நேரம் பார்வை இரட்டையாகத் தெரிந்ததுண்டு. மருந்து இறங்கியதும் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. அத்தையின் பயம் தலைகீழாகத்தான் உண்மை. மேல் பல்லின் சீழை விட்டுவைத்தால், அரிதாக அது கண் குழிக்கும், அதற்குப் பின்னால் மண்டையோட்டின் அடியில் உள்ள ரத்த அறைக்கும் பரவலாம். அப்போது பார்வைக்கு மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்து.

மேல் கடைவாய்ப்பல்லை எடுக்கும்போது உண்மையாகவே கவனிக்க வேண்டியது வேறொன்று. அதன் வேர்களுக்கு மேலே கன்னத்துக்குள் சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. சிலருக்கு நடுவே முட்டை ஓடு அளவுக்குத்தான் எலும்பு. எடுத்த பின் தண்ணீர் குடித்தால் மூக்கில் வந்தால், அங்கே துளை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே திரும்பிப் போய்த் தையல் போட்டுக்கொண்டால் ஆறிவிடும். மூக்கை அழுத்திச் சிந்தக் கூடாது.

எடுப்பதென்று முடிவானால் சர்க்கரையைக் காரணம் காட்டித் தள்ளிப்போட வேண்டாம். எந்த அளவுக்கு மேல் எடுக்கவே கூடாது என்பதில் மருத்துவர்களிடையே ஒரே எண் இல்லை. ஆறுவது தாமதமாகும், கிருமி தொற்றும் வாய்ப்பு கூடும் என்பதில் சந்தேகமும் இல்லை. சீழ் இருந்தால் அதுவே சர்க்கரையை ஏற்றிக்கொண்டிருக்கும். அம்மா வழக்கமான மாத்திரையோ இன்சுலினோ எடுத்து, காலை உணவைச் சாப்பிட்டுவிட்டு, காலை நேரத்திலேயே போகட்டும். ஆபரேஷன் என்று நினைத்து வெறும் வயிற்றோடு வந்து, சர்க்கரை இறங்கி நாற்காலியிலேயே வியர்த்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை அவர் சாப்பிடுகிறார் என்றால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஒரு பல்லுக்காகப் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை, பஞ்சை அழுத்திக் கடித்தால் ரத்தம் நின்றுவிடும். வார்ஃபரின் என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை முதல் நாளே செய்துகொண்டு போக வேண்டும். செயற்கை இதய வால்வு வைத்தவர் என்றால் முன்கூட்டியே ஒரு முறை ஆன்டிபயாட்டிக் தேவைப்படும்.

பிடுங்குவது என்ற சொல்லே அம்மாவைப் பயமுறுத்தியிருக்கும். உண்மையில் நாங்கள் இழுப்பதே குறைவு. பல் எலும்போடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. இடையில் மெல்லிய நார்கள் உண்டு. ஊசி போட்டு மரத்த பிறகு சிறு நெம்புகருவியால் அந்த நார்களை விடுவிக்கிறோம். பிறகு பல்லைப் பிடித்துக் கன்னப் பக்கமும் அண்ணப் பக்கமுமாக நிதானமாக அசைக்கிறோம். எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து கொடுக்கிறது. ஈரக் களிமண்ணில் நட்ட முளையை அசைத்து அசைத்து எடுப்பது போலத்தான். அழுத்தமும் ஒரு சிறு சத்தமும் தெரியும், வலி தெரியக் கூடாது. தெரிந்தால் கையைத் தூக்கச் சொல்லுங்கள், இன்னும் மருந்து போடலாம். சீழ் அதிகமாக இருக்கும் நாளில் ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்பதும் உண்மை. எடுத்த பின் பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் கடித்திருக்க வேண்டும். குழியில் உறையும் ரத்தம்தான் அந்தப் புண்ணுக்கு மூடி. அன்றைக்கு முழுவதும் காறித் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, சூடாக எதுவும் வேண்டாம்; ரசம் சாதத்தை ஆறவைத்து மறுபக்கம் சாப்பிடலாம். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் மெல்லக் கொப்பளிக்கலாம். மூன்றாம் நாள் வலி குறைவதற்குப் பதில் கூடி, காது வரை இழுத்து, வாய் நாறினால் குழியில் மூடி கழன்றுவிட்டது என்று பொருள். திரும்பிப் போய் மருந்து வைத்துக்கொண்டால் அடங்கிவிடும்.

செலவைப் பேசாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. எடுப்பது மலிவு, வேர் சிகிச்சையும் கேப்பும் பல மடங்கு. அந்தக் காரணத்தால் எடுத்துக்கொள்கிறவரை நான் குறை சொன்னதில்லை. அரசு பல் மருத்துவக் கல்லூரி எட்டும் தூரத்தில் இருந்தால் அங்கே குறைந்த செலவில் செய்துகொள்ள முடிகிறதா என்று விசாரித்துப் பாருங்கள். எடுத்தால் மிஞ்சும் இடைவெளிக்கும் விலை உண்டு: எதிரே உள்ள கீழ்ப்பல் மெல்ல மேலேறும், பக்கத்துப் பல் சாயும், எலும்பின் அகலம் முதல் ஓராண்டில் ஏறத்தாழ பாதி வரை சுருங்கும். ஆனால் எல்லா இடைவெளியையும் நிரப்பியாக வேண்டும் என்பதில்லை. கடைசிப் பல்லாக இருந்து, மீதிப் பற்களால் மென்று சாப்பிட முடிகிறது என்றால் அப்படியே விடலாம் என்றுதான் நான் சொல்வேன்.

எக்ஸ்ரேயை வாங்கிக்கொண்டு அந்த இருவரிடமும் இவற்றைக் கேளுங்கள்: சொத்தையை எடுத்த பின் ஈறுக்கு மேல் எவ்வளவு பல் மிஞ்சும்? எலும்பு எவ்வளவு இருக்கிறது? விரிசல் சந்தேகம் உண்டா? உங்கள் அம்மாவுக்கு என்றால் என்ன செய்வீர்கள்? படத்தைக் காட்டிப் பொறுமையாகப் பதில் சொல்பவரிடம் போங்கள். மிச்சம் இருக்கிறது, எலும்பு நன்றாக இருக்கிறது என்றால் 61 வயது ஒரு வயதே அல்ல, காப்பாற்றுங்கள். இல்லையென்றால் எடுத்துவிடுங்கள், இந்த மாதத்துக்குள்.

அத்தையிடம் ஒன்று சொல்லுங்கள். பல் போனவர்களுக்குப் பார்வையும் போனதை அவர் கண்ணால் பார்த்திருக்கக்கூடும். அதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே வயதில் வருகின்றன. நீண்ட நாள் சர்க்கரை ஈறையும் கெடுக்கிறது, விழித்திரையையும் கெடுக்கிறது. அம்மாவுக்கு 11 ஆண்டுகளாகச் சர்க்கரை என்று எழுதியிருக்கிறீர்கள்; கண் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கும் அந்தப் பரிசோதனை, வலியோ மங்கலோ இல்லாவிட்டாலும், வழக்கமாக ஆண்டுக்கு ஒரு முறை வேண்டும். பல் மருத்துவரிடம் நாள் வாங்கும்போதே கண் மருத்துவரிடமும் ஒரு நாள் வாங்கிவிடுங்கள். முடிந்தால் அத்தையையும் அழைத்துப் போங்கள்.